கூப்பிடுற பேரு

இல்ல ராய்ஸ், இது வேணாம். எடுத்து உள்ள வைங்க. பளபளன்னு புதுக் கரண்டி மாதிரி இருக்கு. கறுப்பு இரும்புல காட்டுங்க. கண்ணாடிக்குள்ள, கீழ்த் தட்டுல, அந்த மூலையில கிடக்குதே, வால்நட் கட்டையில பிடி போட்டது... ஆங், அதேதான். என் கண்ணுக்கு ஒன்னும் ஆகல. அறுபத்தொன்னுலயும் கண்ணாடி போடாம ஊசில நூல் கோக்குறவ நான்.

அட, நிஜமாத்தான் வாங்க வந்திருக்கேன். வேற எதுக்கு உங்க துப்பாக்கிக் கடைக்கு வரப்போறேன், வெங்காயம் வாங்கவா? என் வீட்டுக்காரர் லைலை அடக்கம் பண்ணதுக்கு அப்புறம் இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல, வாஸ்தவந்தான். மத்தியானத்துக்கு மேல கூட்டம் வந்துடும், காலைல நீங்க தனியா இருப்பீங்கன்னு பாத்துத்தான் வந்தேன். புருஷனோட சிநேகிதர்கூட நிதானமா நாலு வார்த்தை பேசலாம்னு. ஏன் கையை மேசைக்கு அடியில கொண்டுபோறீங்க? மேல வைங்க. புருஷன் செத்தவ ஒருத்தி துப்பாக்கி கேட்டு வந்தா உடனே யாரையோ சுடப்போறான்னு அர்த்தமா? சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். இப்படி வெளுத்துப் போறீங்களே.

குடுங்க. ம், கனம் இருக்கு. இதோட குதிரையைப் பின்னால இழுத்துப் பாக்கலாம்ல? கேட்டீங்களா, கிளிக் கிளிக்னு நாலு தரம். நல்ல ரிவால்வர் சுடறதுக்கு முன்னால நாலு வார்த்தை பேசும்னு லைல் சொல்வாரு. நாலு பேசிட்டுத்தான் ஒன்னு செய்யும். மனுஷங்களைவிடத் தேவலதான்.

என்னது, முப்பத்தெட்டு காலிபரா? பொம்பளைங்க எல்லாம் முப்பத்தெட்டுதான் வாங்குறாங்களா? தெரியும். சின்னத் தோட்டா, உதை கம்மி, சீக்கிரம் சீக்கிரம் சுடலாம். வேணாம். உதைக்குப் பயந்தா இந்த ஊர்ல நான் குடித்தனம் பண்ணியிருக்க முடியுமா? ஓட்டல் அடுப்படியில ஆயுசு பூரா நின்ன கை இது, பாருங்க மணிக்கட்டை. எனக்கு நாப்பத்தஞ்சுதான் வேணும். ஏன்னா, இருங்க, பையில இருக்கு, எடுத்துக் காட்டுறேன். ஐயோ, பின்னால போகாதீங்க! காலி. பாருங்க, பக்கக் கதவைத் திறந்தாச்சு, சிலிண்டரைச் சுத்துறேன், ஒவ்வொரு குழியா எண்ணிக்கோங்க. ஒன்னுமில்ல.

அடையாளம் தெரியுதா? லைலோட ஜோடியில மிச்சம் இருக்கிறது. வெடிச்சது வலது கையில இருந்தது, இது இடுப்புல இடப்பக்க உறைக்குள்ள இருந்துச்சு. கீறல்கூட விழல. ரெண்டு ரிவால்வர் இல்லாம சுடுற மேடையில ஏத்தமாட்டீங்க, உங்க கவ்பாய் சங்கத்துச் சட்டம் எனக்குத் தெரியும். ரெண்டு ரிவால்வர், ஒரு நீளத் துப்பாக்கி, ஒரு ரவைத் துப்பாக்கி. மத்தது எல்லாம் வீட்டுல இருக்கு, லைலோடது. இது மட்டும் ஒத்தையா நிக்குது. அதே நீளம், அதே நாப்பத்தஞ்சு, அதே கட்டைப் பிடி. பக்கத்துல வைங்க பாக்கலாம். அம்சமா இருக்கு. ரெண்டாங்கல்யாணம் பண்ணிவெச்ச மாதிரி.

ஆமா, சுடத்தான் போறேன். உங்க சங்கத்துல சேந்தாச்சு. இந்தச் சனிக்கிழமை வரேன். பணம் கட்டியாச்சு, டார்லாதான் வாங்கிக்கிட்டா. உங்க பொண்டாட்டி உங்ககிட்ட சொல்லலியா? சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். தொப்பி இருக்கு, பூட்ஸ் இருக்கு. லைலோட கையில்லாத கோட்டு இருக்குல்ல, பழுப்புக் கலரு, அதைத்தான் பிரிச்சு என் அளவுக்குப் பிடிச்சுத் தெச்சுக்கிட்டிருக்கேன். அவரு உசரம், எனக்கு முழங்கால் வரைக்கும் வருது. அன்னைக்குப் போட்டிருந்ததேதான். ரத்தக்கறையை என்ன தேச்சும் முழுசாப் போகல. இருக்கட்டும், பழைய காலத்து உடுப்புதான வேணும் உங்களுக்கு? இதைவிடப் பழசா என்ன இருக்கு?

ஜெயிக்கிறதா? நானா? நல்லாக் கேட்டீங்க. கோழிக்கொட்டகைக்குப் பின்னால லைல் தொங்கவிட்ட இரும்புத் தட்டு இன்னும் இருக்கு, அதுல தினம் பழகுறேன். பத்துல ஏழு படும். ஆனா மெதுவா. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல நீங்க ஒரு காப்பி குடிச்சிடலாம். கடைசி ஆளா வந்தாலும் எனக்கு ஒன்னுமில்ல. ஜெயிக்கிறதுக்காக நான் வரல ராய்ஸ். எதுக்குன்னு சொல்றேன், அவசரம் என்ன?

நீங்க அன்னைக்குப் பக்கத்துலயே இருந்தீங்க, உங்களுக்குப் போயி நான் கதை சொல்றதா? ஆனாலும் சொல்றேன். நீங்க பாத்தது வேற, நான் கேட்டது வேற. நான் கொட்டகைக்குப் பின்னால எல்லாருக்கும் பீன்ஸ் சட்டியைக் கிளறிக்கிட்டிருந்தேன். கடைசி மேடை. இரும்புல படுற சத்தம் டங்கு டங்குன்னு தன்பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கு. திடீர்னு ஒன்னு மட்டும் வேற மாதிரி கேட்டுச்சு. கரண்டி கையோட நின்னுபோச்சு. யாரும் கத்தக்கூட இல்ல இன்னும். லைல்தான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படின்னு கேக்காதீங்க. ஓடிவந்து பாத்தா, ரிவால்வரோட மேல்பட்டை பிஞ்சு எங்கயோ போயிருக்கு, சிலிண்டர்ல பாதியக் காணோம். கட்டைவிரல் போச்சு, பக்கத்து விரல் போச்சு, வலது கண்ணு போச்சு. மண்ணுல உக்காந்திருக்காரு, தொப்பியைத் தேடிக்கிட்டு.

நீங்கதான் கழுத்துத் துண்டை அவுத்துக் கட்டினீங்க. இல்லங்கல. ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியும் நீங்கதான் ஓட்டினீங்க. நல்ல காரியம் பண்ணதை நான் மறக்கிறவ இல்ல. ஆனா வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தீங்க, ஞாபகம் இருக்கா? லைல் ரெண்டு தரம் வெடிமருந்து போட்டுட்டான்போல இருக்கு, ஒரே தோட்டாவுல ரெண்டு தரம் போட்டுட்டான்போல இருக்குன்னு. வண்டியில ஏறினதுலருந்து இறங்குற வரைக்கும் அதையேதான் சொன்னீங்க. பின்சீட்டுல அவரு தலையை மடியில வெச்சுக்கிட்டு நான் உக்காந்திருக்கேன். ரத்தம் இன்னும் நிக்கல, அதுக்குள்ள உங்களுக்குக் காரணம் கிடைச்சிடுச்சு. லைல் வாயே திறக்கல. அப்பவும் திறக்கல, அப்புறமும் திறக்கல.

இருக்கலாம். யாருக்கு வேணா நடக்கலாம். வீட்டுல தோட்டா அடைக்கிற மெஷின்ல லீவரை இழுக்கிறோம், மருந்து விழுது, மனசு எங்கயோ போவுது, இன்னொரு தரம் இழுத்துடறோம். நாப்பத்தஞ்சோட பித்தளைக் கூடு பெருசு, புகையில்லாத மருந்து துளியூண்டு. ரெண்டு பங்கு போட்டாலும் அடியிலதான் கிடக்கும், மேலாகப் பாத்தா வித்தியாசமே தெரியாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, லைல் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். ஒவ்வொரு கூட்டையும் விளக்குக்குக் கீழ சாய்ச்சுப் பாப்பாரு. வரிசையா அடுக்கிட்டு மறுபடி பாப்பாரு. நான் வெங்காயம் நறுக்கி முடிச்சிடுவேன், அவரு ஒரு டப்பா முடிச்சிருக்கமாட்டாரு. சாப்பாடு ஆறிப்போவுது வாங்கன்னு கத்துவேன்.

அந்த மெதுவுக்குத்தான நீங்க பேரு வெச்சீங்க? மறந்துட்டீங்களா? சங்கத்துக்கு வந்த முதல் நாளு, பட்டப்பேரு இல்லாம உள்ள விடமாட்டோம்னு நின்னீங்க. உங்க பட்டப்பேரு அப்பவே டீக்கன், சர்ச்சுல முன்வரிசைப் பாட்டுக்காரரு, குரலு மணி மாதிரி. லைலுக்கு ஒன்னும் தோணல. நிக்கிறாரு, யோசிக்கிறாரு, தொப்பியைத் திருப்புறாரு. பின்னால வரிசை நீண்டுபோச்சு. நீங்க சிரிச்சிட்டு, குளிர்காலத்து வெல்லப்பாகு மாதிரில்ல ஒழுகுறான் இவன், எழுதுங்க மொலாசஸ்னு, அப்படின்னீங்க. வீட்டுக்கு வந்து என்ன சந்தோஷம் அந்த மனுஷனுக்கு! அம்மா அப்பா வெச்ச பேரை யாரு கூப்பிட்டாலும் திரும்பாதவரு, மொலாசஸ்னா திரும்புவாரு. வாசல் தபால்பெட்டியிலகூட அதைத்தான் எழுதி வெச்சாரு. நீங்க வெச்ச பேரு ராய்ஸ்.

வெச்ச நீங்களே அதைக் கெடுத்தீங்க. இல்லையா? அந்த வருஷம் சங்கத்துத் தீமூட்டு விருந்துல யாரு கதை சொன்னது? லைல் ரேடியோவுல பேஸ்பால் கேட்டுக்கிட்டே லீவர் இழுத்த கதை. நம்ம மொலாசஸ் அவ்வளவு மெதுவு, முதல் பங்கு போட்டதை அவன் கை மறந்துடுச்சு, ரெண்டாவது போட்டுட்டான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் அங்கதான் இருந்தேன், மக்காச்சோள ரொட்டித் தட்டோட. என்னை நீங்க பாக்கல. லைல் ரேடியோவே கேக்கமாட்டாரு மருந்து போடறப்ப. எங்க வீட்டு ரேடியோ சமையல்கட்டுல என் தலைக்கு மேல இருக்கு.

அதுக்கப்புறம் யாரு வீட்டுல கிணத்து பம்பு நின்னாலும் லைலைக் கூப்பிடல. தன் தோட்டாவையே ஒழுங்கா அடைக்கத் தெரியாதவன் என் மோட்டார்ல கை வெப்பானான்னு ஒரு ஆளு என் முன்னாலயே சொன்னான். மூணு விரல்லயும் பம்பு பிரிச்சு மாட்டுவாரு லைல், தெரியுமா? விரல் போனதுனால தொழில் போகல. பேரு போனதுனால போச்சு. டிவிக்கு முன்னால உக்காந்தாரு. எழுந்திரிக்கவே இல்ல. டாக்டர் இதயம்னாரு. டாக்டருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

நான் ஒருநாள் தாங்கமுடியாம கத்துனேன். ஊரே சிரிக்குது, நீங்க ஒரு வார்த்தை பேசமாட்டீங்களா, நான் கவனமாத்தான் அடைச்சேன்னு சொன்னா என்னன்னு. அவரு டிவியைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, விடு நோரீன், ஒருத்தன் பேரு கெட்டதோட போகட்டும், ரெண்டு பேரு எதுக்குக் கெடணும்னு. எனக்கு அப்ப விளங்கல. என்னைச் சொல்றாராக்கும்னு நினைச்சேன், நான் போயி சண்டை போட்டா என் பேரும் சேந்து கெடும்னு. மண்டு நான்.

சரி, மருந்துக்கு வாங்க. அதென்ன டப்பா? உங்க கடையில அடைச்ச தோட்டாவா? இப்ப லைசென்ஸோட விக்கிறீங்க, சரி. வேணாம். அடுத்தவன் அடைச்ச தோட்டாவைச் சுடாதேன்னு உங்க ஆளுங்களே சொல்ற பழமொழிதான? சட்டையில கூடப் போட்டுக்கிறீங்க. கம்பெனித் தோட்டாவும் வேணாம். எனக்குக் கருமருந்து குடுங்க. ஆமா, கருமருந்துதான். பழைய காலத்து மருந்து.

தெரியும், நாறும். அழுகின முட்டை நாத்தம். புகை மண்டும், தட்டு கண்ணுக்குத் தெரியாது, அன்னன்னைக்கே சுடுதண்ணி சோப்புப் போட்டுக் கழுவலைன்னா துரு பிடிக்கும். கழுவுறது எனக்கென்ன புதுசா? கருமருந்து மேல எனக்கு ஏன் ஆசைன்னா, அது பொய் சொல்லாது. கூட்டுல வாய் வரைக்கும் நிரப்பணும். ரெண்டாவது பங்கு போட்டா வழிஞ்சு மேசையில கொட்டிடும், குருடனுக்கும் தெரியும். அதுல யாரும் யார் மேலயும் பழி போடமுடியாது. இன்னொன்னு, சத்தம். நல்லா அடிவயித்துலருந்து வர்ற சத்தம். நான் சுட்டேன்னா பார்க்கிங்ல நிக்கிற ஆளும் திரும்பிப் பாத்து, யாருப்பா அதுன்னு கேக்கணும். யாருன்னு நீங்க சொல்லணும். நீங்கதான மைக்ல இருப்பீங்க?

இருங்க, அதுக்குத்தான் வரேன். பட்டப்பேரு கேக்கணும்ல என்கிட்ட? டார்லா கேட்டா, சொன்னேன், எழுதிக்கிட்டா. நீங்க கேக்கவே இல்லையே. நான் யோசிக்கவே இல்ல, லைல் மாதிரி தொப்பியைத் திருப்பிக்கிட்டு நிக்கல. ஒரு பேரு ஒருத்தருக்குத்தான், இன்னொருத்தர் எடுக்கமுடியாது, ஆனா செத்தவங்க பேரு வீட்டு ஆளுங்களுக்கு வரும். தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டேன், ஒரு பொண்ணு எடுத்தா, இந்தப் பேரா மேடம், இது இன்னும் உயிரோட இருக்கே, உங்களுக்கே மாத்திடறேன்னா. உயிரோட இருக்கேன்னா பாருங்க, சின்னப் பொண்ணு.

மொலாசஸ். அதான் என் பேரு இனிமே.

ஏன், வேணாமா? சிரிப்பாங்களா? சிரிக்கட்டுமே. இப்ப மட்டும் என்ன பண்றாங்க? போன மாசம் நம்ம ஓட்டலுக்குப் புதுசா ஒரு ஆளு வந்தான், நெவாடாவுலருந்து இங்க குடிவந்து உங்க சங்கத்துல சேந்திருக்கானாம், புது பூட்ஸ், புது தொப்பி. அவன் சிநேகிதனுக்குக் காப்பி ஊத்துறேன், பேச்சு மும்முரத்துல இன்னொரு தரம் ஊத்திட்டேன், வழிஞ்சு தட்டுல கொட்டிடுச்சு. அந்த ஆளு சிரிச்சிட்டு, என்ன மேடம், மொலாசஸ் பண்ணிட்டீங்களேன்னான். காப்பிப் பாத்திரத்தைக் கீழ வெச்சுட்டேன். அப்படின்னா என்னப்பான்னு கேட்டேன். அவனுக்குத் தெரியல ராய்ஸ். எங்க சங்கத்துல சொல்லுவாங்க, ரெண்டு தரம் ஊத்திக் காரியத்தைக் கெடுத்தா அதுக்குப் பேரு மொலாசஸ் பண்றதுன்னான். அது ஒரு மனுஷன் பேருன்னே அவனுக்குத் தெரியாது. நல்ல பையன், பாவம், துடைச்சுவிடறேன்னு காகிதம் எடுத்துக் குடுத்தான். நான் அடுப்படிக்குள்ள போயி உக்காந்துட்டேன்.

அன்னைக்கு முடிவு பண்ணதுதான். இந்தப் பேரை மேடையில கூப்பிடணும். யாரோ இல்ல, நீங்க கூப்பிடணும். தோட்டா நிரப்புற மேசைக்கு வரச்சொல்லி ஒரு தரம் கூப்பிடணும். சுடுற எல்லைக்கோட்டுல வந்து நின்னதும் ஒரு தரம். சுட்டு முடிச்சதும் எத்தனை தப்பு, எவ்வளவு நேரம்னு மைக்ல படிக்கிறப்ப ஒரு தரம். ஒவ்வொரு மேடைக்கும். மாசா மாசம். மாநிலப் போட்டி நம்ம ஊர்ல வருதாமே, அதுலயும்தான். அந்தக் கூட்டத்துக்கு முன்னால, மணி மாதிரிக் குரல்ல. சிரிச்சுக்கிட்டு இல்ல. மனுஷன் பேரைச் சொல்ற மாதிரி. நான் மெதுவாத்தான் சுடுவேன்னு சொன்னேன்ல, கோட்டுல ரொம்ப நேரம் நிப்பேன். நீங்களும் பக்கத்துலயே நிக்கணும்.

உடம்பு சரியில்லைன்னு வேற ஆளை மைக்ல விடுவீங்களா? எத்தனை மாசம் உடம்பு சரியில்லாம இருக்கும்?

ஏன் கோபப்படறீங்க? நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? லைல் பண்ண தப்புக்கு உங்களை எதுக்கு இழுக்கிறேனா? சரி, சரி. உக்காருங்க. வேர்க்குது பாருங்க உங்களுக்கு, ஏசி ஓடுறப்பவே. தண்ணி குடிங்க.

ஒரு விஷயம் மட்டும் ரொம்ப நாளா எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதையும் கேட்டுடறேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியிலருந்து மாத்துத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசை மேல ஒரு டப்பா தோட்டா. காலைல கிளம்புற அவசரத்துல மறந்துட்டுப் போயிருக்காரு. அப்ப கடைசி மேடைக்குக் கையில இருந்த தோட்டா பத்தியிருக்காதே, எதை வெச்சுச் சுட்டாருன்னு நினைச்சேன். அப்புறம் விரல், கண்ணு, ஆபரேஷன்னு அது எங்கயோ போயிடுச்சு.

இன்னொன்னு, அந்த வாரம் டார்லா எனக்குக் கறி குடுக்க வந்தா. என்னடி முகம் இப்படி இருக்குன்னு கேட்டேன், அவரு தூங்கவே மாட்டேங்கிறாரு நோரீன், கார் கொட்டகையில உக்காந்து பிளாஸ்டிக் சுத்தியலை வெச்சு டொக்கு டொக்குன்னு தான் அடைச்ச தோட்டாவையெல்லாம் உடைச்சுக் கொட்டிக்கிட்டிருக்காரு, லைலுக்கு ஆனதுல பயந்துட்டாருன்னா. எனக்கு அவ மேல பாவமா இருந்துச்சு. உங்க மேலகூட. லைல் தப்பு பண்ணா நீங்க ஏன் உங்க தோட்டாவை உடைக்கணும்னு அப்ப எனக்குக் கேக்கத் தோணல பாருங்க.

சரி, கணக்கைப் போடுங்க. இந்த ரிவால்வர், கருமருந்து ரெண்டு டப்பா, ஈயக்குண்டு, அப்புறம், ஆங், மறந்தேபோனேன், ஒரு மார்க்கர் பேனா. கூட்டுக்கு அடியில கோடு போடறதுக்கு. எல்லார் கூடும் ஒரே மண்ணுல விழுது, பொறுக்கறப்ப யாரோடதுன்னு தெரியணும்ல. சிவப்பு குடுங்க. லைல் எப்பவும் சிவப்புதான்.

இல்ல இல்ல, அது வேணாம். பச்சை வேணாம். பச்சை உன்னோடது.

ஏன் பேனாவைக் கீழ போட்ட? எடு.

கோட்டைப் பிரிச்சுத் தைக்கிறேன்னு சொன்னேன்ல? அதோட உள்பையில, வெடிச்ச தோட்டாவோட கூட்டைக் கைக்குட்டையில சுத்தி வெச்சிருந்தாரு. இதோ இருக்கு. தொடாத, என் கையிலயே வெச்சுக் காட்டுறேன். வாய் கிழிஞ்சு பூவா விரிஞ்சிருக்கு, ஆனா அடி அப்படியே இருக்கு. பச்சைக் கோடு. உடைஞ்ச ரிவால்வரை ஆஸ்பத்திரிப் பையில போட்டுக் குடுத்தாங்க, அவரு கொட்டகையில அந்த மூணு விரலால உக்காந்து நெம்பி எடுத்திருக்காரு. தன்கிட்ட பத்தலைன்னதும் இந்தா என்னுதைப் போட்டுக்கோன்னு நீ குடுத்திருக்க. பிரியமாத்தான் குடுத்திருப்ப. அது தப்பில்ல. கை தவறினதும் தப்பில்ல. லைசென்ஸுக்கு எழுதிப்போட்டு அப்பத்தான் காத்துக்கிட்டிருந்த, விஷயம் வெளிய தெரிஞ்சிருந்தா இந்தக் கடை வந்திருக்காது, எனக்குப் புரியுது. பயந்துட்ட. அதைக்கூட விட்டுடலாம். ஆனா தீமூட்டு விருந்துல எழுந்து நின்னு அந்தக் கதையைச் சொன்ன பாரு. சிரிக்கவெச்ச பாரு. உன்னைக் காப்பாத்திட்டு வீட்டுல ஒத்தைக் கண்ணோட உக்காந்திருந்தவனை.

அழாத. எனக்கு முன்னால அழாத, அதுக்கு நான் வரல.

யார்கிட்டயும் சொல்லமாட்டேன். டார்லாகிட்டகூட. லைல் சொல்லாததை நான் சொல்லமாட்டேன். என்னைக்காவது ஒரு சனிக்கிழமை, மைக்ல அந்தப் பேரைக் கூப்பிட்டுட்டு, அதோட இன்னொரு வாக்கியம் நீ சொல்லுவ. என்ன வாக்கியம்னு உனக்குத் தெரியும். அதுவரைக்கும் நான் வந்துக்கிட்டே இருப்பேன். அறுபத்தொன்னுதான் ஆவுது, எங்க வீட்டுப் பொம்பளைங்க தொண்ணூறு தாண்டுவாங்க.

பை வேணாம், கையிலயே கொண்டுபோறேன். சிவப்பு மார்க்கரை எடுத்துக் குடு. சனிக்கிழமை பாக்கலாம் டீக்கன். தொண்டைக்கு ஏதாவது சுடச்சுடக் குடி, அன்னைக்குக் காலைல குரல் கட்டிக்கப் போவுது.